எண்ணுக்காரியின் கடைசிப் பெட்டி

என் அக்காவுக்கு நேர்மை ஒரு வியாதி. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் வண்டு எண்ணுவது அவள் வேலை. முப்பத்தாறு சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி தட்டைப்பயறு, அதைத் துளைக்கும் வண்டுகள். பெட்டிக்குப் பெட்டி ஒரு மெல்லிய குழாய். ஒரு பெட்டியில் வண்டு அற்றுப்போனால் பக்கத்துப் பெட்டியிலிருந்து குடியேறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆறு வருடமாக வாரந்தோறும் எண்ணினாள். தெருவே அவளை எண்ணுக்காரி என்றது.

இந்த வருடம், கூடத்தை நடத்தும் ஆராய்ச்சி அம்மா குழாய்களை அடைத்துப் பார்த்தார். பிடித்தது சனி. வந்து குடியேற வழியில்லாமல் பெட்டி பெட்டியாக அற்றுப்போயின. மிஞ்சியது ஒரே பெட்டி, அதில் இரண்டு வண்டு. இரண்டும் ஆண்.

வண்டு இருக்கும்வரைதான் அக்காவுக்கு வேலை. அந்த வேலையின் அட்டையைக் காட்டித்தான் அவள் புருஷனுக்கு ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். அட்டை போனால் மாமாவும் போய்விடுவார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

"ஒரு பொட்டை வண்டைக் கொண்டுபோய் விட்டா என்னக்கா? யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். முதல்முறையாக என் பேச்சைக் கேட்டாள்.

ஆனால் வண்டுக்கு எங்கே போவது? வெளிவண்டு கூடத்துக்குள் வந்துவிடக் கூடாதென்று ஆறு வருடமாக வீட்டில் பயறே வாங்கவிடவில்லை, மகராசி! வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

"வண்டு விழுந்த பயறு இருக்கா?"

"எங்க வீட்டைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்று கதவைச் சாத்தினார்கள். எட்டாவது வீட்டுத் தையல்காரம்மா மட்டும் ஒரு டப்பாவை நீட்டி, "வெளியில சொல்லிடாதீங்கம்மா" என்றார். வால்பக்கம் கறுப்புப் பட்டை இருந்தால் பொட்டையாம்; அப்படி ஒன்றை அக்கா தீப்பெட்டியில் பிடித்தாள்.

மறுநாள் அவள் அதைப் பெட்டியில் விடும்போது நானும் கூட நின்றேன். சற்று நேரத்தில் ஆராய்ச்சி அம்மா வந்து குனிந்து பார்த்தார்.

"அட, பொட்டை! பயறுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சிருந்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். மூணுன்னு எழுதிக்கோ."

அக்கா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினாள். எழுதித் தொலையேன், மாமாவை நினைச்சுப் பாரேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ரெண்டுதாம்மா," என்றாள். "மூணாவது நான் போட்டது."

இரண்டு என்று எழுதினாள். அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள்.

மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் அடுத்த முறை சனிக்கிழமை.