அக்கரைக்கு வாசித்த கல்யாணி

நாயனத்தை வீட்டுக்குள் வாசிக்க முடியாது. வாசித்தால் தூளியில் கிடக்கும் பிள்ளை வீறிட்டு விழித்துக்கொள்ளும், அடைகாக்கும் கோழி முட்டையை விட்டு எழுந்து ஓடும், பக்கத்து வீட்டிலிருந்து சண்டைக்கு வருவார்கள். அதனால் என் அப்பாவும் சித்தப்பாவும் தினமும் சாயங்காலம் படித்துறை மண்டபத்தில் போய் உட்கார்ந்துதான் சாதகம் செய்தார்கள். பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். இருவரும் ஊர்ச் சிவன் கோவிலில் ஜோடியாக வாசிப்பவர்கள்.

கோவிலில் கேட்பதைவிட மண்டபத்தில் கேட்கத்தான் ஆள் அதிகம் வரும். துணி துவைக்க வந்தவர்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தலையாட்டுவார். அந்த ஆட்டம் எந்தத் தாளத்திலும் சேராது. டீக்கடைக்காரர் வந்தால் சினிமாப் பாட்டு ஒன்று வாசிக்கச் சொல்வார். அப்பா காதில் விழாததுபோல் நாயனத்தின் சீவாளியை நாக்கில் நனைத்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அப்போது எட்டு வயது. தினமும் போய்ப் பார்த்ததில் அவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. எதையும் அவர்கள் முழுசாக வாசித்ததே கிடையாது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆரம்பிப்பார்கள். ராகத்தில் நாலு பிடி போவதற்குள் அப்பா நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிடுவார். “இல்லடா, இன்னொரு தடவ.” மறுபடியும் அதே இடம், மறுபடியும் நிறுத்தம். வித்வான் வித்வான் என்கிறார்கள், ஒரு பாட்டு ஒழுங்காகத் தெரியவில்லையே என்று எனக்கு உள்ளூர வெட்கமாக இருக்கும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வயல்களில் வேலை செய்கிறவர்களின் தெரு. மண்டபத்துக்கு அவர்கள் வரக்கூடாது. வேலை முடிந்து வந்து அக்கரை மேட்டிலேயே உட்கார்ந்து கேட்பார்கள். அதில் பக்கிரி என்று ஒருவர். மிராசுதார் பண்ணையில் ஏர் ஓட்டுகிறவர். பிடி நன்றாக விழுந்தால் தலைத்துண்டை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி கட்டிக்கொள்வார். இந்தக் கரையில் எத்தனை பேர் தலையாட்டினாலும் அப்பா அந்தத் துண்டைத்தான் பார்ப்பார். ஒருநாள் சந்தையில் எதிர்ப்பட்டபோது பக்கிரி தள்ளி நின்றுகொண்டு, “ஒரு எடத்துல ரெண்டு பேரும் ஒண்ணா மூச்சு வாங்குறீங்கய்யா. சத்தம் தண்ணி மேல வரயில பள்ளம் தெரியுது” என்றாராம். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் இழுத்துப் பிடிக்கவேண்டும், அதுதான் ஜோடி நாயனம். அன்று வந்து வாசித்துப் பார்த்தார்கள். பள்ளம் இருந்தது. “அந்தாளுக்கு இருக்குற காது நமக்கு இல்லையேடா” என்று அப்பா ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆட்சி மாறியிருந்த காலம் அது. டீக்கடையில் புதிய படங்கள் மாட்டியாயிற்று, மேடைகளில் எல்லாரும் உடன்பிறப்புகள் ஆகியிருந்தார்கள். ஆனால் கோவில் சாவி பழையபடி மிராசுதார் மடியில்தான் இருந்தது. அவர்தான் தர்மகர்த்தா. அந்தத் தை அறுவடையில் அக்கரைக்காரர்கள் கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். வயலில் இறங்கவிடாமல் இவர்கள் வரப்பில் நிற்க, கைகலப்பாகி, பக்கிரியின் தலையில் அடி விழுந்தது. மூன்றாம் நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

சாயங்காலம் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஊரில் போலீஸ் இறங்கியிருந்தது. கோஷம் கூடாது, பறை கூடாது, சத்தமில்லாமல் கொண்டுபோய் அடக்கம் செய்யவேண்டும் என்று உத்தரவு. ஏழையின் சாவுக்குப் பறைதானே மரியாதை? அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

அப்பா எழுந்து கூடத்துக்குப் போனார். உறையிலிருந்து நாயனத்தை எடுத்தார். சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

“அண்ணே, இது கோவில் நாயனம். சாவுக்கு வாசிச்சோம்னு தெரிஞ்சா தொலைச்சுப்புடுவாங்க.”

“சாவுக்கு எங்கடா வாசிக்கிறோம்? தெனம் பண்ற சாதகம். பாடை மேடு ஏறி மறையிற வரைக்கும் நிறுத்தப்படாது, அவ்வளவுதான்.”

சித்தப்பாவும் தன் நாயனத்தை எடுத்துக்கொண்டார். சுருதிக்கு ஒத்து ஊதுகிறவருக்குக்கூடச் சொல்லி அனுப்பவில்லை. அந்தப் பேச்சு அவர்கள் இருவரோடு இருந்தது. அடுப்படியிலிருந்த அம்மாவுக்கே அப்புறம்தான் தெரியும். வாசற்படியில் உட்கார்ந்து புளியங்கொட்டை தேய்த்துக்கொண்டிருந்த என்னை யாரும் ஓர் ஆளாகவே எண்ணவில்லை.

மண்டபத்தில் அன்று இருவரும் எதிரெதிராக உட்காரவில்லை. இரண்டு பேருமே ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சோகத்துக்கு வாசிக்கிற முகாரியை எடுத்திருந்தால் ஊருக்கே விளங்கியிருக்கும். எடுத்தது பங்குனித் திருவிழாவுக்காக மாதக்கணக்கில் அரைத்துக்கொண்டிருந்த அதே கல்யாணி. அக்கரையில் பாடை வந்தது. பின்னால் பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வந்தார்கள். நாயனச் சத்தம் கேட்டதும் தூக்கி வந்தவர்கள் ஒரு நிமிஷம் நின்றார்கள். முன்னால் போன போலீஸ்காரர் திரும்பி இந்தக் கரையைப் பார்த்தார். இரண்டு பேர் வழக்கம்போல் சாதகம் செய்கிறார்கள், அவர் என்ன சொல்வார்? பாடை மெதுவாக நகர்ந்தது. அப்பா விட்ட இடத்தில் சித்தப்பா, சித்தப்பா விட்ட இடத்தில் அப்பா. ஓரிடத்திலும் நிற்கவில்லை, ஓரிடத்திலும் பள்ளமில்லை. சித்தப்பாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஊதுகிற மும்முரத்தில் வியர்த்திருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு அன்று ஒரே சந்தோஷம். கடைசியில் என் அப்பாவுக்கும் ஒரு ராகம் முழுசாகத் தெரிந்துவிட்டது.

மிராசுதார் காதுக்குப் போகாமல் இருக்குமா? மறுநாளே அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். “சாதகம்ங்கய்யா” என்றார் அப்பா. மங்கள ராகமான கல்யாணியை வாசித்தவரை என்ன செய்ய முடியும்? அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து நான் கோவில் வாசலில் மகிழம்பூ பொறுக்கிக்கொண்டிருந்தேன். மிராசுதார் வெளியே வந்தார். சிரித்துக்கொண்டே பிரசாதத் தட்டிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை என் கையில் கொடுத்தார்.

“பாப்பா, அன்னிக்கு அப்பா ரொம்ப நல்லா வாசிச்சாராமே?”

அப்பாவை ஒரு பெரிய மனிதர் புகழ்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“ஆமாங்கய்யா! நடுவுல நிறுத்தவே இல்ல. பாடை மேடு ஏறி மறையிற வரைக்கும் நிறுத்தப்படாதுன்னு அப்பா சொன்னாங்க, அப்புடியே வாசிச்சாங்க.”

“அப்படியா? சமத்து” என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார். பழம் இரண்டையும் வழியிலேயே தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஒரு பெரிய மனிதரிடம் பேசியதை விளையாட்டு மும்முரத்தில் யாரிடமும் சொல்லவும் மறந்துபோனேன். எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

அந்த வாரமே தீர்ப்பு வந்தது. மிராசுதார் சித்தப்பாவை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார், யார் சொல்லித் தெரிந்தது என்பதையும் சேர்த்துத்தான். சாவுக்கு ஊதிய வாய் இனி சாமிக்கு ஊதக்கூடாது, பெரியவர் நின்றுகொள்ளட்டும். சின்னவர் அண்ணன் பேச்சைக் கேட்டுச் செய்தவர், பிராயச்சித்தம் பண்ணிக்கொண்டு வரலாம். வேறு ஜோடி பார்த்துக் கொடுப்போம். பங்குனியில் சித்தப்பா யாரோ ஓர் அந்நியரோடு வாசித்தார். நாலு பிள்ளைகள், அவரும் என்ன செய்வார்? அப்பா வெளியூர்க் கல்யாணங்களுக்குக் கிடைத்தவரோடு போய் வாசித்தார். செத்துப்போகும்வரை இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசிக்கவே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் தீர்ப்பு வந்த சாயங்காலத்தைப் பற்றி. கோவிலிலிருந்து சித்தப்பா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னார். அப்பா கொல்லைப்பக்கம் எழுந்து போய்விட்டார். அம்மாவால் தாங்க முடியவில்லை.

“சாதகம்னு சொன்னத நம்பித்தானே உட்டாரு. இப்ப எப்புடித் தெரிஞ்சுது? அண்ணன் பேசுன பேச்சு ஒங்க ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியும் தம்பி? ஒங்களுக்கு மட்டும் எப்புடி எடம் கெடைச்சுது?”

“அண்ணி, அது வந்து...” என்று ஆரம்பித்தார் சித்தப்பா. அவர் கண் அம்மாவின் பின்னால் நின்ற என்மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் முறைத்தேன்.

“நான்தான் சொன்னேன் அண்ணி” என்றார். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அவர் தெருவில் இறங்கியதும் நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, எக்கி, தாழ்ப்பாளைப் போட்டேன். அப்பாவுக்காக என்னால் முடிந்த ஒரு காரியத்தைச் செய்துவிட்டதாக அன்று முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது.