தோக்யராகு

எங்கள் சித்தப்பாவுக்கு மலைப் பைத்தியம். டெக்ஸாஸில், இர்விங்கில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மேடுகூட இல்லாத ஊரில், முதுகுப்பைக்குள் அரிசி மூட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு நாங்கள் எல்லாரும் சேர்ந்து குடியிருந்த அபார்ட்மெண்ட் படிகளில் ஏறி இறங்குவார். கல்யாணமாகி ஈரோட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்த சித்தி, கீழ்ப்படியில் உட்கார்ந்து வாய்பொத்திச் சிரிப்பாள்.

அந்தக் கோடையில் ஆபீஸ் நண்பர்களோடு பெரு நாட்டுக்குக் கிளம்பினார். ஏறப்போகிற மலையின் பெயர் தோக்யராகு என்றதும் அம்மா சமையலை விட்டு வெளியே வந்தாள்.

"பேர்லயே ராகு இருக்குதே தம்பி. வேற மலையே கிடைக்கலீங்களா?"

"அண்ணி, அவங்க கெச்சுவா மொழியில ராகுன்னா பனிமலைங்க. அவ்வளவுதான்."

தோக்ய என்றால் என்னவென்று அவர் சொல்லவில்லை. வேட்டைக்கு வைக்கும் கண்ணி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

மலையில் பனி சரிந்தது. நண்பர்கள் இறங்கிவிட்டார்கள், சித்தப்பாவைக் காணவில்லை. சில நாள் தேடினார்கள். பிறகு, தேடுவதை நிறுத்திவிட்டதாக ஒரு நண்பர் அப்பாவுக்கு போன் செய்தார்.

"எப்படிங் மாமா நிறுத்துவாங்க? இன்னொருக்கா கேளுங்க," என்றாள் சித்தி அப்பாவிடம். ராகு பேச்சை அம்மா அதன்பின் எடுக்கவே இல்லை. காரியம் செய்ய வேண்டுமென்று ஊரிலிருந்து சொன்னார்கள்.

"ஆளையே காணோம். யாருக்குங்க்கா காரியம்?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, சித்தி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பிட எழுந்திருக்கவில்லை.

வெளியே மாடிப்படிக் கைப்பிடியைத் தொட முடியாத வெயில். எட்டு வயதான எனக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சித்தி, வெளில ரொம்ப ஹாட்டா இருக்கு. ஸ்னோ எல்லாம் மெல்ட் ஆயிடும். சித்தப்பா வந்துடுவார்."

சித்தி எழுந்து உட்கார்ந்தாள். "ஆயிடுமா கண்ணு?"

"ஷ்யூரா ஆயிடும்."

தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். நான் கொண்டுபோன தயிர்சாதத்தை, ஒரு பருக்கை மிச்சமில்லாமல், என் முகத்தைப் பார்த்தபடியே தின்றாள்.

சித்தப்பாவின் வேலையை நம்பி வந்த விசா அவளுடையது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவளை ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. விமான நிலையத்தில் குனிந்து என் காதில் சொன்னாள்: "பனி உருகுச்சுன்னா எனக்கு ஒரு போன் போடு கண்ணு."

சத்தியம் செய்து கொடுத்தேன். உருகாத பனியும் உண்டென்று எனக்கு அப்போது தெரியாது. அது சித்திக்கு முன்பே தெரியும் என்பதும் தெரியாது.