கடல் தாண்டிக் கேட்ட ஏத்தன் குலை

குலை ஏலம் போன அன்று சர்ச்சில் அப்பா, அம்மா, தங்கை, சபையார் எல்லோரும் இருந்தார்கள். நான் மட்டும் இல்லை. லண்டனில் ஒரு நாடகப் பள்ளியில், பழைய ஆங்கில நாடகங்களில் நடிக்கப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம்.

ஊர் குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கூலி வேலை. வீட்டில் படித்த முதல் ஆள் நான். உதவித்தொகை கிடைத்ததால் போனேன். அந்த மாதம் எனக்கு நாடுகடத்தப்பட்ட ஒரு பிரபுவின் வேஷம். உச்சரிப்பு சரி, மூச்சு சரி. ஆனாலும் ஆசிரியை தினமும் ஒன்றையேதான் சொல்வார்: "ஊருக்குப் போகணும்னு இவனுக்கு ஆசையே இல்லையே."

அறுப்புப் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த காய், குலை, கோழியெல்லாம் ஏலம் போகும். அம்மா கொண்டுபோனது, நான் புறப்படுவதற்கு முந்தின நாள் நட்ட, சிப்ஸுக்கு வறுக்கும் ஏத்தன் வாழையின் குலை. எனக்கு அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த என் சேக்காளி கூட்டத்துக்குப் பின்னால் நின்று போனைப் பிடித்திருந்தான். திரையில் குலை மட்டும் தெரிந்தது. அதை அம்மாவுக்கே திருப்பி வாங்கிக் கொடுக்கத் தோன்றியது. "எனக்காக ஏலம் கேளுலே" என்றேன்.

ஐந்நூறில் தொடங்கியது. முன்னால் யாரோ விட்டுக்கொடுக்கவில்லை; இரைச்சலில் யார் குரல் என்று பிடிபடவில்லை. ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம். ஓட்டலில் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசை நினைத்துக்கொண்டே ஏற்றினேன். நாலாயிரத்தோடு நின்றுவிட்டேன். குலை போய்விட்டது.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "குலைய நாந்தாம் மக்கா பிடிச்சேன். உனக்கு சிப்ஸ் வறுத்து அனுப்பணும்னு அம்மைக்கு ஒரே ஆசை. உனக்க சேக்காளிக்கு என்ன கேடு வந்துதோ, விடாம ஏத்துகான்."

போனை வைத்தேன். பிறகு சேக்காளியைப் பிடித்துத் திட்டினேன். எதிரே கேட்பது அப்பா என்று அவனுக்கு அப்போதே தெரியுமாம். "காசு கர்த்தருக்குத்தானலே போச்சு" என்று சிரித்தான்.

மூன்று வாரம் கழித்துப் பார்சல் வந்தது. ஒத்திகைக்கு முன் ஒரு சிப்ஸை வாயில் போட்டுக்கொண்டேன். தேங்காயெண்ணெய் மணம். வசனத்தின் பாதியில் குரல் நின்றுவிட்டது. ஆசிரியை தினமும் சொல்லும் அந்தக் குறையை அன்று சொல்லவில்லை.

ஏலத்தில் எதிரே நின்றது நான்தான் என்று அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஊரை நினைத்து ஏங்கும் காட்சி எப்போது வந்தாலும் எனக்குள் முதலில் வருவது அந்தக் குலையும், அதற்காக என்னோடேயே போட்டி போட்டு அப்பா கட்டிய ஒரு வாரக் கூலியும்தான்: நாலாயிரத்து இருநூறு ரூபாய்.