யோகராணியின் நெளிவெழுத்து

எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைத்தான் யோகராணி முதலில் வரைவாள். பிறகு அதைச் சுற்றி எழுத்துகளை ஊதிப் பெருக்குவாள். ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்றின் தோளைச் செருகுவாள். சிவப்புக்குப் பக்கத்தில் அதே அழுத்தமுள்ள நீலத்தை வைத்துவிட்டு, "இப்ப ரெண்டும் சண்டை பிடிக்கும், பாருங்கோ" என்பாள். சற்று நேரம் பார்த்தால் எழுத்துகள் அசையத்தான் செய்யும்.

மெல்பேர்னில், பிட்ஸ்ரோய்ப் பகுதிச் சந்து ஒன்றில் இருந்த சுவரொட்டி அச்சகத்தில் அவளுக்கு வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து கணவனோடு வந்தவள். ராக் கச்சேரி ஒன்றுக்கும் போனதில்லை. "எனக்குத் தலையிடிக்கும்." ஆனாலும் நகரத்துச் சுவர்களில் பாதிக் கச்சேரிகளை அறிவித்தது அவள் கைதான். அவளுடைய நெளிவெழுத்து, சான் பிரான்சிஸ்கோவில் ராக் சுவரொட்டிகளுக்கென்று பத்து வருடங்களுக்கு முன் பிறந்த பாணி. 1976இல் இசைக்குழுக்கள் புகைப்படச் சுவரொட்டிகளுக்கு மாறிக்கொண்டிருந்தன. நெளிவெழுத்து மோகம் தீர்ந்துவிட்டது என்று முதலாளி சொல்லிவந்தார். ரொட்டிக்கடைக்காரரும் அலைச்சறுக்குப் பலகை விற்பவரும் மட்டும் தங்கள் பெயர்ப்பலகைக்கு அந்த நெளிவெழுத்தையே கேட்டு வந்தார்கள்.

அந்த வருடம் சென்னையிலிருந்து ஒரு வயலின் வித்வான் வருவதாக இருந்தது. தமிழ்ச் சங்கச் செயலாளர் கல்யாணசுந்தரம் அவளிடம் சுவரொட்டி கேட்டார். முந்தைய கச்சேரிக்கு மண்டபம் பாதிகூட நிரம்பவில்லை. இம்முறையும் அப்படியானால் சங்கம் இனி யாரையும் அழைக்கப்போவதில்லை.

யோகராணி வேறு வேலையைத் தொடாமல் அதிலேயே கிடந்தாள். தமிழில் 'வயலின்' என்ற சொல் தீயாக எழுந்து தாளை நிறைத்தது. ஊதாவின்மேல் செம்மஞ்சள். அடியில் இடமும் நாளும் ஆங்கிலத்தில்.

"என்னம்மா இது, ஒரு எழுத்துகூடப் புரியலையே!" என்றார் கல்யாணசுந்தரம்.

"வாசிச்சுப் பாருங்கோ ஐயா. வரும்."

"நேரா எழுதிக் குடும்மா. இது கச்சேரி, கஞ்சா பார்ட்டி இல்ல."

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனால் புதிதாக வரைந்து அச்சிட அவகாசம் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே அதையே கொண்டுபோய்ப் பல்கலைக்கழக அறிவிப்புப் பலகைகளில் குத்தினார் அவர். வாரம் முடிவதற்குள் பலகைகள் காலி.

"எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டாங்கம்மா!" என்று தொலைபேசியில் கொதித்தார். யோகராணி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "கிழிக்கேல்லை ஐயா. ஊசியைக் கழட்டி, ஆசையா எடுத்துக்கொண்டு போயிருக்கினம். கீழ ஒரு துண்டுகூடக் கிடக்கேல்லை." அன்றே இன்னொரு கட்டு அச்சடித்துக் கொடுத்தாள்.

கச்சேரியன்று பட்டுச் சேலைகளுக்கு நடுவே தோள்வரை முடி வளர்த்த வெள்ளைக்கார இளைஞர்கள் வந்து அமர்ந்தார்கள். நாற்காலி போதாமல் சிலர் தரையில் சப்பணமிட்டார்கள். வித்வான் வில்லைத் தாழ்த்தியபோது மண்டபமே எழுந்து நின்றது. பின்சுவரில் சாய்ந்திருந்த யோகராணி மேடையைப் பார்க்கவில்லை. கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் போனபின், வாசலில் மிஞ்சியிருந்த ஒரே சுவரொட்டியின் முன்னால் கல்யாணசுந்தரம் தலையைச் சாய்த்து நின்றார். எழுத்துக் கூட்டுவதுபோல் உதடுகள் மெல்ல அசைந்தன. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைக் கழற்றி, நான்காக மடிக்கப் போனார்.

"ஐயோ, மடிக்காதேங்கோ!"

யோகராணி ஓடிவந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். தளர்வாகச் சுருட்டி, தன் பின்னல் நுனியில் இருந்த ரப்பர் வளையத்தை உருவி அதில் மாட்டி, அவரிடமே நீட்டினாள்.