மூடியைக் காணோம், பைப் ஓகே

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பரிசோதனை நடந்தது. நோயாளி – மழைநீர் பைப்.

ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற தெரு எங்களுடையது. மழை பெய்தால் தண்ணீர் அந்த பைப் வழியாக ஏரிப் பக்கம் போய்ச் சேர வேண்டும். எங்கே போகிறது? முத்துலட்சுமி வீட்டுக்கு.

முத்துலட்சுமி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். கணவருக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. இவர் வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறார். ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பேச்சிலர் பையன்கள்தான் வாடிக்கை. முந்தைய மழையில் சாக்கடைத் தண்ணீர் உள்ளே புகுந்து, ஊறப்போட்ட அரிசியை அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை இப்படி ஆனால் அந்த வீட்டு மாவை எவன் வாங்குவான்? அந்தப் பயத்தில் நாயாக அலைந்து மாநகராட்சியில் மனுக் கொடுத்தார்.

வந்தார்கள். ஒரு அதிகாரி, கடப்பாரையோடு இரண்டு பேர். பைப்பின் மேல் முனை மூடியைத் திறந்து, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து உள்ளே அடித்துப் பார்த்தார்கள். வெளிச்சம் எட்டிய வரை சுத்தம். கீழ் முனையிலும் அப்படியே. முடிந்தது பரிசோதனை.

"சார், எங்க வாசல்ல இங்கன ஒரு மூடி கெடந்துச்சு" என்று முத்துலட்சுமி ரோட்டைக் காட்டினார். "ரோடு போட்டவுக அது மேலயே தாரைப் போட்டுட்டுப் போயிட்டாக. அடைப்பு அதுலதான் இருக்கும்."

"கண்ணுக்குத் தெரியற மூடியத்தாம்மா நாங்க செக் பண்ணுவோம். புது ரோட்ட நோண்டினா எம்மேல நடவடிக்கை ஆவும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்போ நடுவுல இருக்கிற பைப்ப யாருங்க பாக்கறது?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் நல்லா இருந்தா நடுவுலயும் நல்லாத்தாங்க இருக்கும்."

வயிற்றுவலி என்று வந்தவனின் தலையையும் காலையும் தொட்டுப் பார்த்துவிட்டு, 'சுகம்' என்று அனுப்புகிற டாக்டரை நாம் சும்மா விடுவோமா?

பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு. ஒவ்வொரு தடவையும் ரோடு உயர்கிறது, வீடு பள்ளத்துக்குப் போகிறது, மூடி காணாமல் போகிறது. ரோடு போடுகிறவர்கள் பைப்காரர்களைக் கேட்பதில்லை. பைப்காரர்கள் ரோட்டைத் தொடுவதில்லை. இரண்டு பேருக்கும் சம்பளம் தருவது நாம்... வெட்கமாக இல்லையா இவர்களுக்கு?

போகும்போது முத்துலட்சுமி வீட்டு வாசல் சுவரில் வெள்ளை பெயின்ட்டால் பெரிதாக 'ஓகே' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அடித்தது மழை. கிரைண்டர் மோட்டார் மூழ்கியது. நான் போன் போட்டேன். "ரிப்போர்ட்ல நல்ல கண்டிஷன்னு போட்டிருக்குதேங்க" என்றார் அதே அதிகாரி.

மறுநாள் பாத்திரத்தோடு வந்த இரண்டு பையன்கள், வாசலில் கிடந்த சேற்றைப் பார்த்தார்கள். "பரவால்லக்கா, நாளைக்கு வாங்கிக்கறோம்" என்று நழுவினார்கள். நாளைக்கும் வரவில்லை. இன்று வரை வரவில்லை.

முத்துலட்சுமி சுவரைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். சேறு போய்விட்டது. 'ஓகே' மட்டும் போகவில்லை.

இந்தத் தெருவில் உருப்படியாகப் போட்டது அந்த பெயின்ட் ஒன்றைத்தான்.