நடுக்கட்டத்துக்கு ஒரு டாக்டர்

பள்ளிக்கூட ஆபீஸில் இருபது வருஷம் குப்பை கொட்டினவளுக்கு, ஊரில் யாரைப் பார்த்தாலும் பேர் ஞாபகம் வராது, அட்மிஷன் நம்பர்தான் ஞாபகம் வரும். மார்க்கெட்டில் ஒருத்தர் பெரிய மனுஷர் மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தரிக்காய் பொறுக்குவார். எனக்கு உடனே, 'அறுநூத்திப் பன்னிரண்டு, மூணாப்பில் பிரேயரிலேயே வாந்தி எடுத்தவன்' என்று உள்ளே ஓடும். இந்த உத்தியோகத்தில் இருந்து தேய்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆமாம் தாயே என்று தலையாட்டுவார்கள்.

நான் கோவில்பட்டியில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கிளார்க். ஒரு பாடமும் நடத்தியதில்லை, ஆனாலும் பிள்ளைகளுக்கு 'ஆபீஸ் மிஸ்'. அங்கே சேலை கட்டின எல்லோரும் மிஸ்தான், ஆயா மாரியம்மாள் ஒருத்தியைத் தவிர. தாளாளர் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிற அண்ணாச்சி. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாததாலேயே அதன் மேல் அப்படி ஒரு பக்தி. காம்பவுண்டுக்குள் ஒருத்தரும் தமிழ் பேசக்கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தான். அவர் உள்ளே வரும்போது மட்டும் சட்டத்துக்கு லீவு.

ஒன்பது கட்டம்

ஊரில் ஃபிளெக்ஸ் போர்டு வந்த புதிது. அந்த வருஷம்தான் பைபாஸ் பக்கம் ஒரு புதுப் பள்ளிக்கூடமும் முளைத்தது. வரிசையாக மஞ்சள் பஸ், நீச்சல் குளம். குடிதண்ணீரே பத்து நாளைக்கு ஒருதடவை வருகிற ஊரில் நீச்சல் குளம் என்றால் ஜனம் போகாமல் இருக்குமா? அறுபது பிள்ளை இருந்த எங்கள் எல்.கே.ஜி. இருபத்திரண்டுக்கு வந்துவிட்டது.

ஏப்ரலில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். கூடவே ஃபிளெக்ஸ் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் பெரிய போர்டு, அதில் நம்மிடம் படித்த பிள்ளைகளின் படம், கீழே உத்தியோகம். கடைக்காரர் ஒரு மாதிரிப் படமே போட்டுக் கொண்டுவந்துவிட்டார். சுற்றிலும் எட்டுச் சின்னக் கட்டம், நடுவில் ஒரு பெரிய கட்டம். நடுக்கட்டத்தில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தன. தலையைத்தான் காணோம். அந்தத் தலையை நான் கொண்டுவர வேண்டுமாம்.

இந்த வருஷம் எல்.கே.ஜி.யில் முப்பது பிள்ளை சேராவிட்டால் வகுப்பையே மூடிவிடப் போவதாகச் சொன்னார். மூடினால் மாரியம்மாள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அப்போ எனக்கு என்ன அண்ணாச்சி என்று கேட்டேன். மனுஷர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"கீழ பிள்ளை இல்லேன்னா மேல ஏது பிள்ளை? பிள்ளையே இல்லாத பள்ளிக்கூடத்துக்கு ஆபீஸ் எதுக்கும்மா?"

நட்சத்திரமும் சேர்த்து

முதல் படம் லேசாகக் கிடைத்தது. இடைசெவலில் இருந்து சைக்கிளில் வந்து படித்த பையன் ஒருத்தன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அவன் அம்மாவைத் தேடிப் போனேன். அந்த அம்மாள் களத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு கத்தைப் படத்தோடு வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் ஒன்று, கார் மேல் சாய்ந்து ஒன்று, மலைப் பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு ஒன்று. எல்லாம் பெண் வீட்டுக்குக் கொடுக்க எடுத்ததாம். வாசலில் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கேட்டார். ஆயிரம் பேராவது பார்ப்பார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.

அம்மாளுக்கு முகம் மலர்ந்துபோச்சு. கார் படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் படியிறங்கி நாலு எட்டு வைத்ததும் பின்னாலேயே ஓடிவந்தார்.

"டீச்சர், நட்சத்திரத்தையும் கீழ ஓரமாப் போட்டுருங்க. வீடு தேடி வந்து கேட்டுக்கிட்டு அலைய வேண்டாம்லா?"

முதல் பரிசு கண்டக்டர்

அடுத்து புதியம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். டிக்கெட் கிழிக்க வந்தவனைப் பார்த்ததும் எனக்கு நம்பர் வந்துவிட்டது. எண்ணூத்தி நாலு. இங்கிலீஷ் பாட்டு ஒப்பிப்பதில் அஞ்சு வருஷம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கினவன். காம்பவுண்டுக்குள் தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு சிலேட்டை மாட்டி நிற்கவைப்போம், அதை அதிகமாக மாட்டினவனும் அவன்தான். அன்றைக்கு பஸ்ஸில் அத்தனை ஜனத்துக்கு நடுவில் என்னிடம் இங்கிலீஷிலேயே பேசினான். கூடைக்காரி ஒருத்தி என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தாள்.

போர்டு சமாச்சாரத்தை உளறினது என் தப்பு. மறுநாள் காலையில் படத்தோடு வந்து நின்றான். இதற்கென்றே ஸ்டுடியோவுக்குப் போய், அங்கே தொங்குகிற கோட்டைப் போட்டு, தலையைப் படிய வாரி எடுத்த படம். அண்ணாச்சி பார்த்தார். கண்டக்டர் படத்தைப் போட்டால் எவன் பிள்ளையைச் சேர்ப்பான் என்று தள்ளிவிட்டார். அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார். பஸ் ஸ்டாண்டில் அவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் அவனே கையை நீட்டி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"வருத்தப்படாதீங்க மிஸ். உங்க போர்டைப் பாக்க வாரவங்களையும் நாந்தான ஏத்திட்டு வரணும்."

எல்.கே.ஜி. சைஸ்

புதியம்புத்தூரில் நான் பார்க்கப் போனது ரெடிமேடு யூனிட் வைத்திருக்கிற பெண்ணை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள்கூட ஒழுங்காக யூனிஃபாரம் போட்டு வந்ததில்லை. பட்டன் இருந்தால் பெல்ட் இருக்காது, பெல்ட் இருந்தால் பாவாடை ஓரம் பிரிந்து தொங்கும். இப்போது இருபது மிஷின் போட்டு, நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறாள். தொழிலதிபர் என்று போடச்சொல்லி அண்ணாச்சியே ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தார்.

காபி வாங்கித் தந்தாள், படமும் தந்தாள். சந்தோஷமாக எழுந்திருக்கும்போதுதான் பக்கத்து மேஜையைப் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட குட்டிக் குட்டிச் சட்டை, மலைபோல் குவிந்து கிடந்தது. யாருக்கு என்று கேட்டதும் அவள் சிரிப்பு நின்றுபோச்சு. பைபாஸ் பள்ளிக்கூடத்துக்காம். எத்தனை என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுத் தொலைத்தேன். நூற்றைம்பது என்றாள். என் மூஞ்சியைப் பார்த்து அவளுக்கே பாவமாகப் போய்விட்டது.

"மனசு விட்டுறாதீங்க மிஸ். நம்ம பள்ளிக்கூடத்துக்கும் முப்பது தைக்கச் சொல்லுங்க, அதைய முதல்ல முடிச்சுத் தாரேன்."

டோக்கன் இருபத்து மூன்று

எட்டுக் கட்டம் எப்படியோ நிரம்பிவிட்டது. நடுக்கட்டம்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ரிஜிஸ்டரைப் புரட்டிப் புரட்டி எனக்குக் கண்ணே அவிந்துபோச்சு. கடைசியில் மாரியம்மாள்தான் துப்புக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் குழந்தை வைத்தியம் பார்க்கிறாரே, அவர் நம்ம பிள்ளைதான், ஒண்ணாப்பில் அவருக்குச் சோறு ஊட்டினதே தான்தான் என்றாள். ரிஜிஸ்டரில் தேடினேன், இருந்தார். நானூத்திப் பதினேழு. ஒன்பதாவதோடு விலகியிருந்தார். காரணம், பெற்றோர் விருப்பம். எழுதினது என் கை.

இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளிக்கூடம் பத்தாவதில் வருஷா வருஷம் நூறு சதவீதம் தேர்ச்சி. எப்படி? கணக்கில் திணறுகிற பிள்ளைகளுக்கு ஒன்பதாவது முடிந்ததுமே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம். பெற்றோர் விருப்பம் என்று இங்கிலீஷில் நான் எழுதுவேன், பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். அண்ணாச்சி லிஸ்ட் கொடுப்பார், நான் எழுதுவேன். இருபது வருஷத்தில் எத்தனை எழுதினேன் என்று நானே பார்த்ததில்லை.

ஒன்பதாவது வரை நம்மிடம் படித்தார் அல்லவா, அது போதும் என்று கிளம்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் இருபத்து மூன்று. சுற்றிலும் மடியில் பிள்ளைகளோடு தாய்மார்கள். நான் மட்டும் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள், பிள்ளை எங்கே என்று கேட்டாள். உள்ளே இருக்கு என்று சொல்லிவைத்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அந்த மரியாதையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போர்டு, நடுக்கட்டம், கோட்டு எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பா கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சினவராம். டி.சி. கொடுத்த அன்றைக்கு, வேலையை விட்டுவிட்டு வந்து காலையில் இருந்து மத்தியானம் வரைக்கும் என் மேஜை முன்னால் நின்றாராம். நான் உட்காரச் சொல்லவில்லையாம். எங்கே கையெழுத்துப் போடணும் தாயி என்று மட்டும் கேட்டாராம். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து, மகனுக்கு ஏதோ சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார்கள் என்று பொண்டாட்டியிடம் சந்தோஷமாகக் காட்டினாராம்.

எனக்கு அந்த மனுஷர் முகமே ஞாபகம் இல்லை. அதுதான் ரொம்பக் கேவலமாக இருந்தது. டாக்டர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"தாராளமாப் போடுங்க மிஸ். கீழ மட்டும் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில் விலகியவர்'னு உங்க கையாலயே எழுதிருங்க."

வெறும் கோட்டு

படத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் காதைக் குடைந்தார். பழைய ரிஜிஸ்டரில் ஒன்பதைப் பத்தாக்க முடியாதா என்று கேட்டார். இருபது வருஷத்தில் முதல்தடவையாக அவரிடம் முடியாது என்று சொன்னேன். சொன்ன கையோடு ரிஜிஸ்டரை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

திங்கட்கிழமை அட்மிஷன் ஃபாரம் கொடுக்கணும். வேறு வழியில்லாமல் போர்டு அப்படியே ஏறிவிட்டது. சுற்றிலும் எட்டுப் பேர் சிரிக்கிறார்கள், நடுவில் தலையில்லாத கோட்டு நிற்கிறது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது என்று நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஒரு ஆள் டி.வி.எஸ். ஃபிப்டியில் பொண்டாட்டி, பிள்ளையோடு வந்து போர்டுக்குக் கீழே நின்றார். நடுவில் இருப்பது யார், ஏன் தலை இல்லை என்று கேட்டார். வாசல் கூட்டிக்கொண்டிருந்த மாரியம்மாள் நிமிர்ந்து, அவர் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். சாத்தின ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தபடி நான் நின்றேன்.

"அது ஒங்க பிள்ளைக்குன்னு போட்டு வச்சிருக்குய்யா. சேத்துட்டுப் போங்க, தலைய பெறகு ஒட்டிக்கிடுவோம்."

அஞ்சு பேர் லிஸ்ட்

அந்த வாக்கியத்தை மாரியம்மாள் ஒரு மாசம் விடாமல் சொன்னாள். காம்பவுண்டுக்குள் அவள் தமிழ் பேசுவதை அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஜூன் மாசம் எல்.கே.ஜி.யில் முப்பத்தொரு பிள்ளை. வேலை தப்பியது. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன், மாரியம்மாளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த ஏப்ரல் வந்தது. வழக்கம்போல அண்ணாச்சி ஒரு காகிதத்தை என் மேஜையில் வைத்தார். ஒன்பதாவதில் அஞ்சு பேர். வெளியே பெஞ்சு இருந்தும் அவர்களுடைய பெற்றோர் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்கள். முதலில் போய் அவர்களை உட்காரச் சொன்னேன். அப்புறம் டி.சி. புக்கை எடுத்து, பேனாவையும் திறந்தேன். கை ஓடவில்லை. எழுதாவிட்டால் என் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"அண்ணாச்சி, இந்த அஞ்சுல டாக்டர் யாருன்னு மட்டும் சொல்லிருங்க. மத்த நாலு பேருக்கும் இப்பமே எழுதுதேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வாசல் போர்டைப் பார்த்தார். லிஸ்டை எடுத்தார், திரும்ப ஒருதடவை படித்தார், சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"நூறு போயிருமேம்மா… சரி, போனாப் போகுது. அவியளை வீட்டுக்குப் போகச் சொல்லு."

மறுவருஷம் அஞ்சில் நாலு பேர் தேறி, ஒருத்தன் கணக்கில் கோட்டைவிட்டு, எங்கள் நூறு சதவீதம் ஒருவழியாய்ப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கோட்டுக்கு இன்னும் தலை வரவில்லை என்றாலும், கணக்கில் போனவனையும் சேர்த்தே நான் அஞ்சு பேர் அட்மிஷன் நம்பரையும் குறித்து வைத்திருக்கிறேன்.