மேசைக்கு அடியில் துருக்கி மொழி

எனக்குக் கப்பலில் வேலை கிடைக்க வேண்டுமே என்ற கவலை என்னைவிட அப்பாவுக்குத்தான் அதிகம். தேர்டு ஆபீசர் பரீட்சை பாஸ் செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெண் என்று தெரிந்ததுமே கம்பெனிகள் மரியாதையாகக் கழற்றிவிட்டன. கடைசியில் இஸ்தான்புல்லிலிருந்து ஒரு கம்பெனி வீடியோ இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. மாலுமிகள் எல்லோரும் துருக்கிக்காரர்கள், ஆபத்து நேரத்தில் அவர்கள் பாஷையில் கத்தத் தெரிய வேண்டும், அதையும் கேட்போம் என்று சொல்லியிருந்தார்கள். இதுவும் போனால் கடலை மறந்துவிட்டு ஏதாவது ஆபீஸில் உட்கார வேண்டியதுதான்.

கப்பல் இங்கிலீஷ் எனக்கு அத்துப்படி. ஆங்கர், ரடர், ஸ்டார்போர்டு எதைக் கேட்டாலும் பயமில்லை. அதற்கெல்லாம் துருக்கியில் என்ன என்பதுதான் மண்டையில் ஏறித் தொலையவில்லை. அப்பாவுக்கு ஏறியது! பேங்கிலிருந்து ரிட்டையரான மனிதர், வீட்டுக்குப் பக்கத்து லேக்கைச் சுற்றிக் காலை நடை போகும்போதே இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டார். கப்பலின் இடதுபக்கம் இஸ்கெலே, வலதுபக்கம் சஞ்சாக், சுக்கான் துமென், கயிறு ஹலாத். சரக்கு வைக்கும் அடித்தளம் அம்பார் என்று தெரிந்த அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம நெல் அம்பாரம்தாம்மா இது! அவன் சரக்கைக் குவிக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்" என்று வீடெல்லாம் சுற்றி வந்தார்.

கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் போகும் ஆட்டோவில்கூட விடமாட்டார். "இப்ப எந்தப் பக்கம் திரும்பறான், சொல்லு?" என்பார். நான் "சஞ்சாக்" என்று முணுமுணுப்பேன். "சத்தமா!" என்று அவர் போடுகிற கூச்சலில் வங்காளி டிரைவர் திரும்பி, "கீ பொல்லேன் காகூ?" என்று, என்ன சொன்னீங்க மாமா என்று கேட்பான். எனக்கு மானம் போகும்.

இன்டர்வியூ அன்று அம்மா வேலைக்குப் போயிருந்தாள். "அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வெளிய இருங்க" என்று கெஞ்சினேன்.

"நெட் கட்டாயிட்டா யாரு பாக்கறது? நீ பாட்டுக்குப் பேசும்மா. நான் இருக்கறதே தெரியாது" என்று மேசைக்கு அடியில் போய்ச் சம்மணம் போட்டுக்கொண்டார். என் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியிலேயே திரைக்குப் பின்னால் நின்று வரி எடுத்துக்கொடுத்த மனிதர். அவரை எழுப்புவதற்குள் லேப்டாப்பில் இன்டர்வியூ எடுக்கும் கேப்டனின் முகம் வந்துவிட்டது. பக்கத்தில் கம்பெனியைச் சேர்ந்த ஒரு அம்மாள். இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு கேப்டன் கேட்டார். கப்பலைக் கட்டியிருக்கும் கயிறு அறுந்துவிடும் போலிருக்கிறது, மாலுமி அதன் எதிரிலேயே நிற்கிறான், என்ன கத்துவீர்கள்? எனக்கு எல்லாமே மறந்துபோயிற்று. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

"திக்கத்! ஹலாத்!" என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல். கவனம், கயிறு!

"யார் அங்கே?" என்றார் கேப்டன்.

அப்பா மூட்டெல்லாம் சடசடக்க எழுந்து வந்தார். மேலே பனியன், கீழே கைலி. "குட் மார்னிங் சார்" என்று கும்பிட்டார். அப்பாதான் என்று நான் சொன்னேன். கேப்டன் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "துமென்?" என்றார். "ரடர் சார்!" "அம்பார்?" "கார்கோ ஹோல்டு சார்!" கேட்கக் கேட்க அப்பாவின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. "சார், மை டாட்டர் இஸ் வெரி சின்சியர்" என்று அப்பா ஆரம்பித்ததும் கேப்டன் கையை உயர்த்தினார்.

"நான் உங்களை வேலைக்கு எடுக்கவில்லை" என்றார் அப்பாவிடம். பிறகு என்னிடம், "இந்த அறைதான் இப்போது கப்பலை ஓட்டும் இடம், பிரிட்ஜ். அதிகாரி நீங்கள். அனுமதியில்லாத ஒருவர் நிற்கிறார். வெளியேற்றுங்கள். துருக்கியில்" என்றார்.

எங்கள் வீட்டில் அப்பாவைப் பார்த்து யாரும் 'போ' என்றது கிடையாது. கடைக்குக் கிளம்பினாலும் 'போயிட்டு வாங்க'தான். சொல் ஞாபகம் வந்திருந்தால்கூட எனக்கு நாக்கு எழுந்திருக்காது. ஞாபகமும் வரவில்லை. கேப்டன் காத்திருந்தார்.

அப்பா கேமராவுக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பினார். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். தெர்க் எத். விட்டு வெளியேறு.

"தெர்க் எத்!" என்று கத்தினேன்.

அவர் அந்தக் கணமே திரும்பி நடந்தார். கதவைச் சாத்திக்கொண்டும் போனார்.

"நல்லது. இதை யாரும் சொல்லித்தராமல் நீங்களே சொன்னீர்கள்" என்றார் கேப்டன்.

"யெஸ் கேப்டன்" என்றேன்.

அடுத்த மாதம் சேரச் சொன்னார்கள். லேப்டாப்பை மூடிவிட்டு அப்பாவைத் தேடினேன். ஹாலில் இல்லை, சமையலறையில் இல்லை. வாசல் கதவைத் திறந்தேன். மாடிப்படியில் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். எதிர் ஃபிளாட் வங்காளி மாமி தன் கதவிடுக்கில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அவர் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

"கிடைச்சிடுச்சுப்பா" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு, "நான் இப்ப உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார்.